வட்டப் பிளாஸ்திரி

தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொன்னார் போனில் பேசியவர். சின்னவள் திருப்பினாள். அப்புறம் வலப்பக்கம். அப்புறம் மோவாயைச் சற்றே தூக்கி. புது மடிக்கணினியின் மேல் விளிம்பில் மிளகளவு கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வளையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகி வந்தது.

"கண்ணாடி போடுவீங்களா மேடம்?"

"படிக்கும்போது மட்டும்."

"அப்ப போட்டுக்கிட்டு ஒரு தடவை, கழட்டிட்டு ஒரு தடவை. அதுக்கு முகம் பழகணும்."

கட்டிலில் கிடந்த அப்பா, "போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ புடிக்கிற மாதிரி இருக்கு," என்றார். வாதம் வந்ததிலிருந்து அவருக்கு வாயின் ஒரு பக்கம்தான் பேசும். கிண்டல் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரும்.

போனில் பேசியவர் கம்பெனியின் கணினிப் பாதுகாப்பைப் பார்ப்பவர். அன்றைக்கே அந்த வீட்டில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. சின்னவளுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. இன்சூரன்ஸ் கேட்டு வருகிற பில்லில் யாருக்கு என்ன நோய், எந்த உறுப்பை எடுத்தார்கள், எத்தனை நாள் கிடந்தார்கள் எல்லாம் இருக்கும். அதனால்தான் இவ்வளவு கட்டுக்காவல் என்றார் பூட்டுக்காரர். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்ட வேண்டும். யாருடைய பென் டிரைவையும் சொருகக் கூடாது. தெரியாத இடத்திலிருந்து வருகிற எதையும் தொட்டுத் திறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கேமராவை எதையாவது வைத்து மூடிவிட வேண்டும். முக்கியமாக, வீட்டில் வேறு யாரும் இதைத் தொடக் கூடாது. தொட்டால் வேலைக்கே உலை. "பாஸ்வேர்டை நானே கேட்டாலும் சொல்லாதீங்க மேடம்."

"நல்ல மனுஷன்," என்றார் அப்பா. "தன்னையே நம்ப மாட்டேங்கறான்."

கேமராவை மூட எதை ஒட்டுவது என்று சின்னவள் தேடியபோது, பெரியவள் தன் தோள்பையிலிருந்து வட்டப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற, சட்டைப் பொத்தான் அளவுப் பிளாஸ்திரி. அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வருவாள். பையில் பஞ்சு இல்லாமல் போனாலும் போகும், பிளாஸ்திரிக்குப் பஞ்சம் வராது.

அந்த மடிக்கணினி வீட்டுக்கு வந்ததே அப்பாவுக்காகத்தான். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாம்மா ஒருத்தி முதுகுவலி என்று நின்றுபோனாள். அடுத்து வந்தவள் சொல்லாமலே நின்றாள். இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்த சின்னவள், இனி வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கம்பெனியில் எழுதிக் கேட்டு, ஒருவழியாக இது கிடைத்தது. பெரியவள் கல்யாணம் செய்துகொண்டு போய், சரிப்படாமல் திரும்பி வந்தவள். சின்னவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, பேச்சே ஓய்ந்துவிட்டது. இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு, சிரித்தால் ஒரே பக்கம் குழி. மூன்று வயது இடைவெளியை இந்தச் சில வருஷ உறக்கக் கேடு அழித்துவிட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருவருக்கும் ஒரே கறுப்பு.

அப்பாவின் கட்டில் கூடத்தில் இருந்தது. அறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையாது. கூடத்தின் மறுகோடியில் சுவரைப் பார்த்தபடி சின்னவளின் மேஜை. படுத்த வாக்கில் அப்பாவுக்கு அவள் முதுகும் அதற்கப்பால் திரையும் தெரியும். எழுத்து தெரியாது. திரை அணைந்து கறுத்துவிட்டால் மட்டும் அதில் கூடம் முழுக்கத் தெரியும்: ஜன்னல், நாற்காலி, போகிற வருகிற ஆள். அவர் பார்ப்பதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் புதிது.

பூட்டு என்பது அந்த வீட்டில் வாசல் கதவுக்கு மட்டும்தான். அப்பா குளியலறையில் விழுந்து, உள்தாழைப் பெயர்த்து அவரைத் தூக்க வேண்டி வந்த நாளுக்குப் பிறகு அதையும் திரும்பப் போடவில்லை. குளிக்கப் போகிறவர்கள் வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வார்கள். அதனால் தங்கை ஓர் இயந்திரத்துக்குத் தன் முகத்தையே சாவியாகக் கொடுத்ததில் பெரியவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "உன் மூஞ்சிக்கு வந்த வாழ்வைப் பாருடி," என்றாள்.

ஒரு மத்தியானம் பெரியவள் வேலை முடிந்து வந்தபோது சின்னவள் அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரைத்துணி இழுத்திருந்தது. தன் மூக்குக்கண்ணாடி அந்த மேஜைமேல் கிடப்பதைப் பார்த்துப் பெரியவள் எடுக்கப் போனாள். அதன் காம்பு கணினியின் மூடிக்குள் சிக்கியிருந்தது. மூடியைத் தூக்கினாள். திரை விழித்துக்கொண்டது. சின்ன வளையம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தங்கையின் பெயரைச் சொல்லி வரவேற்றுக் கதவைத் திறந்துவிட்டது.

பெரியவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். தினமும் காலையில் அவள் ஊசியைப் பிரிக்கும் முன் செய்கிற முதல் காரியம், "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்பது. நாமாகப் பெயரைச் சொல்லி ஆமாம் போட வைக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் யாரும் எந்தப் பெயருக்கும் ஆமாம் சொல்லிவிடுவார்கள். இது அந்த அளவுகூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது.

திரையில் ஓர் அறையின் படம் இருந்தது. கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கிற வேறு ஊரில், மாற்றலாகி வரும் ஊழியர்களுக்கென்று கம்பெனியே விளம்பரப்படுத்தியிருந்த வாடகை அறை. ஒற்றைக் கட்டில். உறை போடாத தலையணை. ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மூலையில் கவிழ்த்து வைத்த நீல வாளி. ஒருவர் மட்டும் தங்கலாம் என்று கீழே போட்டிருந்தது. கதவையும் தனியாக ஒரு படம் எடுத்திருந்தார்கள். அதன் உள்பக்கம் நல்ல கனமான தாழ்ப்பாள் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. அந்தக் கட்டிலில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாமல் தூங்கினால் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்தாள். அந்தத் தாழ்ப்பாள் விழும் ஓசைகூடக் காதில் கேட்டது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. தங்கை மாற்றலாகிப் போய்விட்டால்? காலையில் ரத்தம் எடுக்கப் போகிற நேரத்தில் அப்பாவைப் புரட்டிப் போடுவது யார்? வேலையை விட வேண்டும். விட்டால் இந்தக் கூடம், இந்தக் கட்டில், மாலையில் மருந்துக்கடை. அவ்வளவுதான் மிச்சம். மூடியை மூடிவிட்டுத் திரைத்துணியை விலக்கி, "தள்ளு, நான் துண்டு மாத்தறேன்," என்றாள்.

மறுநாளும் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள். இந்த முறை கேமராவில் பிளாஸ்திரி இருந்தது, உரித்தாள். அதே அறை. இன்னொரு நாள் அதே அறைக்கு ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்த வேறு படம். பார்த்து முடித்தால் உரித்த பிளாஸ்திரி ஒட்டாது, பையிலிருந்து புதிது எடுத்து ஒட்டுவாள். தங்கையின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவள் எப்போதும்போல அப்பாவோடு மல்லுக்கு நின்று மாத்திரை விழுங்க வைத்துக்கொண்டிருந்தாள். "முழுங்குங்கப்பா. நாக்குக்கடியில சேத்து வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்பாள். "உனக்குச் சீர் குடுக்க," என்பார் அவர்.

கேட்டுவிடலாம். கேட்டால், போக வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும்; சொன்னால் அவள் போக மாட்டாள். அது பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே வாய் வரவில்லை. பார்த்துவிட்டுப் புதுப் பிளாஸ்திரி ஒட்டுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பூட்டுக்காரர் கூப்பிட்டார். சின்னவள் அப்பாவின் கையை நீவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். பெரியவள் வாசல் பக்கம் உட்கார்ந்து ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். செவ்வாய்க்கிழமை நீங்க லீவு இல்ல?"

"ஆமா சார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன்."

"மெஷின் அன்னைக்கு மத்தியானம் தெறந்திருக்கே. முகத்தை வெச்சுத் தெறந்திருக்கு."

பெரியவளின் கைத்துணி நின்றது. செவ்வாய்க்கிழமை அப்பாவும் தங்கையும் வண்டியில் போயிருந்தார்கள். வீட்டில் யாருமில்லாத அந்தச் சின்ன நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தாள்.

சின்னவள் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டே, "நான்தான் சார். நடுவுல வீட்டுக்கு வந்துட்டுப் போனேன். ரிப்போர்ட் ஒண்ணு எடுக்க மறந்துட்டேன், அப்ப தெறந்தேன்," என்றாள். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நிச்சயமா நீங்கதானே?"

"என் மூஞ்சிதானே சார் சாவி?"

பூட்டுக்காரர் விடவில்லை. "வீட்ல உங்க சாயல்ல வேற யாராவது இருக்காங்களா?"

"ரெண்டும் ஒரே அச்சு தம்பி," என்று அப்பா ஒரு பக்க வாயால் போனைப் பார்த்துச் சொன்னார். "பெத்த எனக்கே சந்தேகம் வரும். உங்க பொட்டிக்கு வராதா?"

போனில் சிரிப்பும் பெருமூச்சும் கலந்து வந்தன. அப்படியென்றால் முகம் வேண்டாம், இன்றைக்கே அதை எடுத்துவிட்டு எண் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எப்படி மாற்றுவது என்று படிப்படியாகச் சொன்னார். பிறந்த தேதி கூடாது, வண்டி நம்பர் கூடாது, வீட்டில் இருப்பவர்கள் ஊகிக்கக்கூடிய எதுவும் கூடாது. "இந்தத் தடவை நான் மேல எதுவும் எழுதலை மேடம். இன்னொரு தடவைன்னா என் கையில இல்ல," என்று வைத்துவிட்டார்.

சின்னவள் எழுந்து போய் மேஜையில் உட்கார்ந்தாள். பெரியவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஒரு கண் எப்போதும் முழுதாக மூடாது. தூங்குகிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஏண்டி பொய் சொன்னே?"

"வேலை போயிடும்ல."

"எனக்காகவா?"

"வேலைக்காகத்தான்." கொஞ்சம் பொறுத்து, "உனக்காகவும்தான்," என்றாள்.

சின்னவள் கேமராமேல் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் நெருடினாள். "இது தினம் தினம் வெள்ளையா, புதுசா இருக்கும்க்கா. நான் ஒட்டினது ஓரம் அழுக்கா இருக்கும். உன் பையில மட்டும்தான் இதுக்குக் குறைச்சலே இல்லையே."

"பின்ன ஏண்டி அந்தப் படத்தை மூடி வெக்கலை?"

"வாயால சொல்ல வரலை. நீயே பாத்துட்டா தேவலைன்னு இருந்துச்சு." விசைகளின்மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. "மாத்தலுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா சொல்லிடறேன்."

வெளியே யாரோ ஒரு வண்டியை மிதித்து மிதித்துப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. கூடத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்குப் போட வேண்டிய நேரம்தான்.

"நம்பரைப் போடு முதல்ல," என்றாள் பெரியவள்.

"போடறேன். நீ பாக்கலாம்."

"பாக்கக் கூடாதுன்னு அந்த ஆள் சொல்லலை?" அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சுவரில் அப்பா கைப்பிடித்து நடந்த காலத்தில் விழுந்த எண்ணெய்க் கறை தோள் உயரத்துக்கு ஒரு கோடாகப் போயிருந்தது. பின்னால் விசைகள் அழுந்தும் ஓசை கேட்டது. ஒரு தடவை, சரிதானா என்று கேட்டதற்கு மறுபடி ஒரு தடவை. அந்த எண் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க அவளால் முடியவில்லை. வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை.

"ஆச்சு," என்றாள் சின்னவள்.

பெரியவள் திரும்பினாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் விட்டுப்போவதுபோல் வலித்தன. அன்றைக்குக் காலையில் போன வீடுகளெல்லாம் மூன்றாவது மாடியாகவே வாய்த்திருந்தன.

"அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டியா?"

சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "கிழக்குன்னாங்க."

"தாழ்ப்பாள் நல்லா விழுதான்னு கேளு. படத்துல பாத்தா கனமாத்தான் இருக்கு."

"அக்கா."

"கேக்கறதுல என்ன?"

யாரும் தொடாததால் கணினி தன்பாட்டுக்கு மங்கியது. பிறகு பூட்டிக்கொண்டு கறுத்தது.

கட்டிலில் இருந்து அப்பா, "தண்ணி," என்றார். வழக்கமாக அவர் வாய் மூடும் முன் யாராவது ஒருத்தி எழுந்திருப்பாள். இப்போது யாரும் எழவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. மூடாத கண்ணால் அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வெளிச்சத்தில் அதில் ஜன்னலின் சாம்பல் கட்டம் தெரிந்தது. அதற்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி, அசையாமல், இரண்டு முகங்கள். வெகுநேரம் கழித்து அதில் ஒன்று எழுந்தது. எது என்று அந்த வெளிச்சத்தில் அவருக்குப் பிடிபடவில்லை.