மட் டயர் ஜீப்

முன்சக்கரம் தெரியும்வரை பாரூக் பனியை வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய பனி திங்கள் விடியப்போகும் நேரத்திலும் நிற்கவில்லை. அமெரிக்காவின் ஐசலின் ஊரில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் பார்க்கிங்கில் எது யாருடைய கேம்ரி, எது யாருடைய கரோலா என்று அடையாளம் தெரியாமல் வெறும் வெள்ளை மேடுகள் கிடந்தன. ஜீப் உயரமானது என்பதால் அதன் கதவுக் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி ரஹ்மத், தான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் சென்டரின் யூனிஃபார்முக்கு மேல் பாரூக்கின் பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுத் துடைப்பத்தால் கண்ணாடிப் பனியைத் தள்ளினாள்.

"டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கி விட்டிருக்கேன். அகலமா உக்காரும்," என்றான் பாரூக். மூச்சு புகையாக வந்தது. "புதுப் பனில எவ்வளவு ஆழம்னாலும் போ. ஐஸ்னு தெரிஞ்சா மட்டும் பிரேக்குல கால வைக்காத."

"தெரியும். வாங்கினது நீங்க, ஓட்டுறது நான்."

அது உண்மைதான். டெலிகாம் கம்பெனியில் பாரூக்கோடு வேலை பார்த்தவன், இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனதும் டெக்சாஸுக்குக் கிளம்பினான். போகும்போது இந்த ஜீப்பை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான். அப்போது கிரீன் கார்டு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பாரூக் இப்போது ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் கணக்கும் கல்லாவும் பார்க்கிறான். அங்கே நடந்தே போய்விடலாம். குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் ரஹ்மத்தின் வேலையில்தான் வருகிறது. அதனால் ஜீப்பும் அவளுக்கு வந்தது.

அந்த டயரோடு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டைவிரல் உயரத்துக்குக் கட்டை கட்டையாக ரப்பர். சேற்றுக்கும் காட்டுக்கும் என்று செய்தது. கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டினால் வண்டிக்குள் மாவு மில் ஓடுவது போல் இரையும். ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழாது. இடுக்கில் மாட்டிய கற்கள் பிய்ந்து அடியில் பட்டுப் படபடவென்று வெடிக்கும். பெட்ரோல் குடிப்பது தனிக் கதை. மழை நாளில் சிக்னலில் பிரேக் போட்டால், கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய்த்தான் நிற்கும். சென்டரில் உள்ளவர்கள் அவள் வருவதை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "ஹெலிகாப்டர் லேண்ட் ஆயிடுச்சு," என்பாள் நர்ஸ் சாந்தி. சாதா டயர் மாற்றலாம் என்று ரஹ்மத் சொல்லும்போதெல்லாம் பாரூக், "ஒரு பெரிய பனி வரட்டும், அப்பப் பேசு," என்பான். இரண்டு குளிர்காலம் ஒன்றும் வரவில்லை. 2003 பிப்ரவரியில்தான் வந்தது.

மேல் ஜன்னலில் மகள் ஆஸிபா முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னலைத் திறந்து கத்தினாள். "உம்மா! யூ லுக் லைக் எ மான்ஸ்டர் ட்ரக்!"

"ஜன்னல மூடு, சளி பிடிக்கும்!" என்று கத்திவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ரஹ்மத் வண்டியைக் கிளப்பினாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியருக்கு மாற்றி, மெல்ல ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு டயர் கட்டைகள் பனியைக் கவ்வின. பம்பர் உயரத்துக்குக் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டு ஜீப் ஒரு படகு போலக் கிளம்பியது. பாரூக் பனி வாரும் ஷவலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

ரோட்டில் ஒரு வண்டி இல்லை. பனி தள்ளும் லாரி ஒருமுறை வந்துபோன தடமும் மூடியிருந்தது. எது ரோடு, எது நடைபாதை என்று தபால் பெட்டிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தவள், இரண்டு தெரு தாண்டியதும் தன்னையறியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். இத்தனை நாள் மில் மாதிரி இரைந்த டயர் இன்றைக்குச் சத்தமே போடவில்லை. பனி அரைபடும் மெல்லிய நறநறப்பு மட்டும் கேட்டது.

அடுத்த ஊரான எடிசனில் சாந்தி இடுப்பளவு பனியில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் கார் வாசலிலேயே புதைந்து கிடந்தது. ஏறி உட்கார்ந்தவள் கதவைச் சாத்துவதற்குள் பேசத் தொடங்கினாள்.

"நம்ம மேனேஜர் டெப்ரா வரலையாம். ரெண்டு பேர் போய்ச் சேந்தா சென்டரத் தொறங்கன்னு ஃபோன்ல சொல்றா. ஏய், என்னடி இது, டாங்க் மாதிரி போகுது!"

"ஹெலிகாப்டர்னு சொன்ன?"

"வாபஸ், வாபஸ்!"

சிக்னல் அருகே போலீஸ் கார் குறுக்கே நின்றது. அவசர வேலைக்காரர்களைத் தவிர யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ரஹ்மத் சென்டர் அடையாள அட்டையை நீட்டினாள். இளம் போலீஸ்காரன் அட்டையைப் பார்த்ததைவிட டயரைத்தான் அதிக நேரம் பார்த்தான். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டி வழிவிட்டான்.

சாந்தியின் செல்ஃபோன் அடித்தது. பேசியது ஜலஜா ஆன்ட்டி. அவர் கணவர் சுந்தரராமன் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருபவர். மகன் கலிஃபோர்னியாவில். இவர்கள் இருவர் மட்டும் சென்டருக்கு அரை மைல் தள்ளி, ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தார்கள். நோயாளிகளை ஏற்றி வரும் வேன்தான் அவர்களுக்கு எல்லாம்.

ஜலஜாவின் குரல் ரஹ்மத்துக்கும் கேட்டது. "வேன்காரன் இன்னிக்கு வரலேன்னுட்டாம்மா. இவருக்குக் கால் வீங்கிண்டு வரது. ராத்திரி பூரா படுக்கவே முடியலே, உக்காந்துண்டே இருந்தார். மூச்சு வாங்கறது. ஆம்புலன்ஸ்காரா எப்ப வர முடியும்னு தெரியலேங்கறா."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சாந்தி ரஹ்மத்தைப் பார்த்தாள். ரஹ்மத் ஏற்கெனவே இன்டிகேட்டரைப் போட்டிருந்தாள். பின்னால் யாருமில்லாத ரோட்டில் எதற்கு இன்டிகேட்டர் என்று அப்புறம்தான் உறைத்தது.

மேட்டுத் தெருவில் யாரும் ஏறிய அடையாளமே இல்லை. ஜீப் பாதி ஏறியதும் பனி பானெட் மீது புரண்டு கண்ணாடியை மறைத்தது. ரஹ்மத் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி நகராது என்று தெரியும். சக்கரம் ஒருமுறை சுழன்றது, வண்டி ஒரு பக்கமாக அசைந்தது, மறுபடி கவ்விக்கொண்டது.

"போ, போ, போ, விடாத!" சாந்தி டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டே கத்தினாள். உச்சிக்கு வந்ததும் இரண்டு பேரும் கிரிக்கெட் ஜெயித்தவர்கள் போல் கூச்சல் போட்டார்கள்.

சுந்தரராமனை மப்ளரும் போர்வையுமாகச் சுற்றி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினார்கள். அந்த நிலையிலும் அவர் டயரைக் குனிந்து பார்த்தார். "இதுவாம்மா... அந்தச் சத்தம் போடறது?" என்று வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக் கேட்டார்.

இறக்கத்தில்தான் சோதனை வந்தது. கீழே திருப்பத்தில் காற்று பனியை வழித்துக்கொண்டு போய், அடியிலிருந்த ஐஸ் பளபளவென்று தெரிந்தது. சக்கரம் அதைத் தொட்டதும் பிடி விட்டது. ஜீப்பின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு வலப்புறம் போனது. எதிரே விளக்குக் கம்பம். பின்சீட்டில் ஜலஜா "பெருமாளே!" என்றாள். ரஹ்மத் "யா அல்லாஹ்!" என்றாள். பிரேக்குக்குப் போன காலைப் பல்லைக் கடித்தபடி பின்னுக்கு இழுத்து, வண்டி வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இடது சக்கரங்கள் ஓரத்துப் பனிக்குள் இறங்கின. கட்டைகள் கவ்வின. கம்பம் கண்ணாடிக்கு அருகில் கடந்து போனது.

ஜீப் சமதளத்துக்கு வந்தது. பிறகு சுந்தரராமன், "டிரைவிங் எங்கே கத்துண்டே?" என்றார். ரஹ்மத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இங்கதான் அங்கிள். நாகூர்ல எனக்கு சைக்கிளே தெரியாது."

அவரை மெஷினில் போட்டுவிட்டு, ரஹ்மத் மறுபடி மறுபடி வெளியே போனாள். ஆப்பிரிக்க அமெரிக்கப் பாட்டி ஒருத்தி, கால் இல்லாத ஒரு இத்தாலியர், பள்ளிக்கூட பஸ் ஓட்டிய ஒரு குஜராத்திக்காரர் என்று ஒவ்வொருவராக ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஜலஜா ஃபிளாஸ்கில் கொண்டு வந்த காபியைச் சாந்தியும் ரஹ்மத்தும் மூடியில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தார்கள். சுந்தரராமன் சாய்வு நாற்காலியில் படுத்து, ராத்திரி பூரா வராத தூக்கத்தைத் தூங்கினார். இவ்வளவு சந்தோஷமாக ரஹ்மத் அந்தச் சென்டரில் ஒருநாளும் இருந்ததில்லை. வீட்டுக்கு ஃபோன் போட்டு, "டயர மாத்த வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் சென்டரை நடத்தும் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். நோயாளிகளிடம் கை குலுக்கி விசாரித்துக்கொண்டே நாற்காலி நாற்காலியாகப் போனார். சுந்தரராமன் நிமிர்ந்து உட்கார்ந்து, ரஹ்மத்தைச் சுட்டிக்காட்டி, தன்னைக் காப்பாற்றியது இந்தப் பெண்தான், அவள் சொந்த வண்டியில் என்று நல்ல ஆங்கிலத்தில் விரிவாகச் சொன்னார். மேட்டையும் விளக்குக் கம்பத்தையும்கூட விடவில்லை. ஏரியா மேனேஜர் புன்னகையோடு கேட்டுக்கொண்டார்.

மறுநாள் டெப்ரா ரஹ்மத்தை அறைக்குள் கூப்பிட்டாள். நோயாளிகளை ஊழியர்கள் சொந்த வண்டியில் ஏற்றுவது பாலிசிக்கு விரோதம், கம்பத்தில் மோதியிருந்தால் கம்பெனியின் கதி என்ன என்றாள். எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது. சொல்லும்போது டெப்ரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஏத்தாம இருந்தா அவர் செத்திருப்பாரு," என்றாள் சாந்தி, வெளியே வந்ததும். "அதுக்கு என்ன பாலிசியாம்?"

ரஹ்மத் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனாள்.

மார்ச்சில் இன்னொரு பனி விழுந்தது. முன்னதைப் போல் இல்லை, முழங்காலுக்குக் கீழேதான். வேன்காரன் அன்றைக்கும் வரவில்லை. சாந்தியின் வீட்டுத் தெருவில் பனி தள்ளியிருந்ததால் அவள் தன் காரிலேயே போய்விட்டாள். ரஹ்மத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தபோது, மேட்டுத் தெரு முனையில் சுந்தரராமனும் ஜலஜாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தோளில் போர்வைப் பை. இறங்கி வந்ததில் அவர் பேன்ட்டும் ஜலஜாவின் புடவையும் முட்டிவரை நனைந்திருந்தன.

ரஹ்மத் வண்டியை நிறுத்தி, உள்ளிருந்தே எட்டிப் பின்கதவைத் திறந்தாள். "ஏறுங்க அங்கிள்."

"வேண்டாம்மா."

"சென்டருக்கு முன்னாடியே தெருவுல எறக்கி விட்டுடறேன். யாரும் பாக்க மாட்டாங்க. ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க."

ஜலஜா கணவரைப் பார்த்தாள்.

"சென்டர்லே எப்படி வந்தேள்னு கேப்பா," என்றார் சுந்தரராமன். "இப்போல்லாம் எல்லாரையும் கேட்டு எழுதிக்கறா. என்னால பொய் சொல்ல வராது. போன தடவை என் வாயாலதான் உனக்கு அந்த எச்சரிக்கை வந்தது. உன் புருஷனுக்கு இன்னும் சரியா வேலை ஆகலேன்னு சாந்தி சொன்னா." அவர் கதவைத் தானே சாத்தினார். "மூச்சு இன்னிக்கு நன்னாயிருக்கு. நீ முன்னாடி போ. மெதுவாப் போ. இந்த டயர் நல்ல தடம் போடும். நாங்க அதுலே வந்துடறோம்."

ரஹ்மத் கியரைக் குறைத்து, நடையைவிட மெதுவாக வண்டியை நகர்த்தினாள்.

டயர்கள் பனியை அழுத்தி இரண்டு வாய்க்கால் போட்டன. கண்ணாடியில் பார்த்தாள். ஒரு தடத்தில் அவர், மற்றதில் ஜலஜா. நடுவிலிருந்த பனி மேட்டுக்கு மேலாக இருவரும் கை கோத்திருந்தார்கள். அவர் நின்றபோது அவளும் நிறுத்தினாள். அவர் நடந்தபோது அவளும் நகர்ந்தாள். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடி, காலியாக இருந்த பின்சீட்டைச் சூடாக்கிக்கொண்டே வந்தது.