சுவரில் எழுதிய மனு

"ஐசியை எடுங்க," என்றாள் புஷ்பவள்ளி.

உறுமி மேளம் நின்றது. ஹார்மோனியம் ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது.

மலாயாவின் கோலசிலாங்கூரில், ஜப்பான்காரன் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த சினிமாக் கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே கள்ளத்தனமாகக் கூடுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: யாரும் யாரிடமும் ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்கக் கூடாது. வெளியே அதைக் கேட்காத ஆளே இல்லை. நாலு பேர் சேர்ந்து நின்றாலே கம்யூனிஸ்ட் என்று போலீஸ் லோரியில் ஏற்றுகிற அவசரகாலத்தில், இங்கே முப்பது பேர் பாடினார்கள், ஆடினார்கள், சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கரியால் படம் போட்டார்கள். முன்பு ஐஸ் ஃபேக்டரியில் கூடினார்கள். அங்கே போலீஸ் ஜீப் சுற்ற ஆரம்பித்ததும் இங்கே மாறி வந்தார்கள்.

"இஞ்ச ஆரும் ஆரையும் அது கேக்கிறேல்ல எண்டு உமக்கு முதல் நாளே சொன்னனான்," என்றான் கார்த்திகேசு. அரசாங்கக் கிளார்க். கூட்டத்தைத் தொடங்கியவன் அவன்தான்.

"சொன்னீங்க. என் தம்பியைப் பிடிச்சிட்டுப் போனவனுக்கும் சொல்லியிருக்கலாமே."

தம்பி செல்லன் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவன். இங்கே வந்தால் உறுமி அவன் கையில்தான்; இன்று வேறொருவன் அடித்தான். புதன்கிழமை விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்துப் பிடித்தார்கள். நாடு கடத்த வரும் வியாழக்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல். பிறந்ததிலிருந்து பக்கத்து ஊரான தஞ்சோங் காராங்கைத் தாண்டாதவன், அந்த ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

அவள் கை நீட்டியது சோமுவை நோக்கி. சோமு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். சுவரில் பாதிப் படத்தோடு நின்றான்.

"முந்தாநாள் இவரு ஸ்டேஷன்லேருந்து வெளிய வர்றதை நான் பார்த்தேன்."

"ஊரடங்கு போர்டு எழுதக் கூப்பிட்டான், போனேன். வரமாட்டேன்னா விட்டுருவானா?" சோமு அட்டையை எடுத்து நீட்டினான். "நல்லாப் பாருங்க டீச்சர். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசா விழுந்திருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள். அட்டையில் என்ன இருந்துவிடப் போகிறது?

"அங்க என்ன பார்த்தீங்க?"

"உங்க தம்பி ஃபைலு மேசையில தொறந்து கிடந்துச்சு. போட்டோ ஒட்டியிருந்தான். பக்கத்துல ஒரு காயிதம். எவனோ எழுதிக் குடுத்திருக்கான். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனா எழுத்தோட உருவத்தை ஒரு தடவை பார்த்தாப் போதும். அதான லா நம்ம பொழப்பு."

"எழுதுங்க."

சோமு எழுதவில்லை, வரைந்தான். ஒவ்வொரு எழுத்தையும் பூனை வால்போல, கொக்குக் கழுத்துபோல. காட்டிக்கொடுத்தவனின் கையெழுத்தைப் பார்க்க எல்லோரும் நெருக்கியடித்து வந்தார்கள். படிக்க அவள் இருந்தாள். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து சிங்கப்பூர் போய் பி.ஏ. முடித்த ஒரே ஆள்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா," என்று சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "பழைய ஐஸ் ஃபேக்டரியில் ஞாயிறுதோறும் இரண்டிலிருந்து ஐந்து வரை நடக்கும் பஜனையில்…"

அடுத்த வரி படிக்காமலே அவளுக்குத் தெரிந்தது.

முள்கம்பி வேலியைத் தாண்டி செல்லனை வெளியே விட, தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான கிராணி ஒரு காரணம் கேட்டிருந்தார். கோயில் என்று வாயால் சொன்னால் போதும். மற்றவர்கள் அப்படித்தான் வந்தார்கள். அவளுக்கு மட்டும் அது போதவில்லை. படித்த திமிர். இடம், கிழமை, நேரம் எதையும் விடாமல் நல்ல இங்கிலீஷில் மனு எழுதினாள். கிராணி அதை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறார். மூடிக் கிடக்கிற ஐஸ் ஃபேக்டரியில் பஜனை என்றால் எந்தப் போலீஸ்காரன் நம்புவான்?

"அடியில ஒரு கைநாட்டு," என்று சோமு கட்டைவிரலைக் கரியில் தேய்த்துச் சுவரில் அழுத்தினான்.

"யாரு எழுத்து டீச்சர்?" கிராமபோன் பெட்டியைப் பிடித்தபடி நின்ற சாப்பாட்டுக் கடைக்கார வீட்டு நூருல் அமீன் கேட்டான்.

"என்னோடது."

கார்த்திகேசு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "உம்முடைய பேர் அதில இல்லை. கைநாட்டு அவன்ர. பேசாம இருந்தால் உம்முடைய வேலையாவது மிஞ்சும். போய்ச் சொன்னால் உம்மையும் சேர்த்துக் கப்பல் ஏத்துவாங்கள்."

"அவன் கையைப் பிடிச்சு நான்தான் வச்சேன். 'என்னக்கா போட்டிருக்க'ன்னு கேட்டான். 'உனக்குப் புரியாதுடா'ன்னேன்."

"ஞாயித்துக்கிழமை பெரிய ஆபீசர் இருக்க மாட்டான் டீச்சர்," என்றான் சோமு. "நாளைக்குப் போங்களேன்."

"வாக்குமூலம் எழுதிக்க ஒருத்தன் இருப்பான்."

தகரக் கதவைத் தள்ளினாள். வெயில் கண்ணைக் குத்தியது. ஸ்டேஷன் இருக்கும் பக்கமாகத் திரும்பி நடந்தாள்.