உள்ளே பார்ப்பது

தேயிலைத் தோட்டத்தை நடத்தும் தொரை ஜீப்பை விட்டு இறங்காமலேயே அதைச் சொன்னார். கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்துக் கிடந்த பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பிவிட்டு, "வி வில் லுக் இன்டு இட்" என்றார். ஜீப் கஹவத்தை ரோட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. பெண்கள் எல்லோரும் ஷாமிளாவைப் பார்த்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள், அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளை விட்டால் வேறு யாரைக் கேட்பது?

"பாக்குறோம்னு சொல்றாரு" என்றாள்.

சொல்லும்போதே அவளுக்குச் சுருக்கென்றது. தொரைக்குச் சிங்களம்தான் தாய்மொழி. லயத்தில் சிங்களம் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து குறைந்தால் சிங்களத்தில் ஏசுவார். மலையில் நின்று அரைகுறைத் தமிழில்கூட விரட்டுவார். வேலை வாங்க அந்த இரண்டும், கையை விரிக்க மட்டும் இங்கிலீஷ். கை விரித்த பேச்சைத் தமிழாக்கிக் கொடுக்கத் தன்னை நிறுத்திவைத்துவிட்டாரே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த மல்லிகாவோ அந்தச் சொல்லை அப்படியே நம்பினாள். அவள் வீட்டுப் பின்சுவருக்கும் வெடிப்புக்கும் நடுவே ஒரு கோழிக்கூடு வைக்கத்தான் இடம் இருந்தது. பார்க்க வருகிறவர் சப்பாத்துக் காலோடு வருவார், வழுக்கிவிடக் கூடாது என்று, வேலை விட்டு வந்ததும் மானாப் புல்லை வெட்டி, மண்ணைக் கொத்திப் படி வைத்தாள். மழை அதைக் கரைத்துக்கொண்டு போனது. திரும்பவும் வெட்டினாள். புருஷன் கிருஷ்ணராஜ் முதலில் சிரித்தான், பிறகு அவனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். யாரும் வரவில்லை. முன்பு மணிக்கட்டுவரை கை நுழைந்த வெடிப்பில் இப்போது தோள்வரை நுழைந்தது.

ஒரு சாயங்காலம் பைப்படியில் மல்லிகா ஷாமிளாவை மறித்தாள். "அன்னைக்கி அவரு சொன்னத ஒவ்வொரு வார்த்தையா சொல்லு புள்ள."

ஷாமிளா சொன்னாள். லுக் என்றால் பார். இன்டு என்றால் உள்ளே. ஆதியில் அது வெறும் செய்கைதான்: கிணற்றுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ குனிந்து எட்டிப் பார்ப்பது. உள்ளே பார்த்தால்தானே விஷயம் விளங்கும், அதனால் ஒன்றைத் தீர விசாரிப்பதற்கும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறாள். பரீட்சைக்கும் அதுதான் சரியான விடை.

"இப்ப?"

"இப்ப ஆபீஸ்ல இருக்கவங்க சொன்னா, பேசாம போங்கன்னு அர்த்தம்க்கா."

மல்லிகா நிரம்பி வழிந்த குடத்தை மறந்து நின்றாள். "சிங்களத்துல 'பலமு'ன்னு சொல்லியிருந்தா, பாப்போம்ங்கிறான், ஒண்ணும் நடக்காதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதையே இங்கிலீஷ்ல சொல்லி என்னைய படி வெட்ட வச்சிட்டானே."

மறுநாள் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகவில்லை. ரோட்டை மறித்து நின்றார்கள். ஜீப் நின்றது. இறங்கி வந்து பாருங்கள் என்று மல்லிகா சிங்களத்தில் கேட்டாள். தொரை அவளுக்குப் பதில் சொல்லாமல் ஷாமிளாவைத் தேடிப் பிடித்து, தலைமைக் காரியாலயம் இதை லுக் இன்டு பண்ணும், இவர்களிடம் சொல்லு என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஷாமிளாவின் அப்பா பேர் இன்னும் தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் இருந்தது. அது ஞாபகம் வந்தும் அவள் மொழிபெயர்க்கவில்லை. அந்த வார்த்தைக்குக் குனிந்து உள்ளே பார்ப்பது என்றுதான் அர்த்தம் சார், நீங்களே போய்ப் பாருங்கள் என்று அவருடைய இங்கிலீஷிலேயே சொன்னாள்.

அவர் இறங்கினார். மேல் லயத்துக்கு ஏறினார். வெடிப்பின் ஓரத்தில் குனிந்து போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினார். வெளிச்சத்துக்கு அடி தெரியவில்லை. பெண்கள் பேச்சை நிறுத்தியபோது கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. லயத்துக்கு அடியில்.

நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. இனி இங்கே யாரும் படுக்க வேண்டாம் என்று, இந்த முறை சிங்களத்தில் சொன்னார். எங்கே போவது என்று கேட்டதற்கு, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மல்லிகா உள்ளே போனாள். துணி மூட்டை, பானை சட்டி, சுருட்டிய பாய், இடுப்பில் சின்னவள். கிருஷ்ணராஜ் டிவியைத் தலையில் வைத்துக்கொண்டான். பின்னால் மற்ற வீடுகளும் கிளம்பின. பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்து ஷாமிளா முன்னால் நடந்தாள். சந்தியில் மல்லிகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொரை பங்களாவுக்குப் போகும் ரோட்டில் ஏறினாள்.

பங்களா வாட்சர் காத்தமுத்து பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றார். அவர் வீடும் மேல் லயத்தில்தான். கையில் சாவி இருந்தது. கீழே ஜீப் ஏறி வரும் சத்தத்தையும் எதிரே மழையில் நிற்கும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மல்லிகா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, பாயை எடுத்து கேட்டுக்கு மேலாக வீசினாள். பச்சைப் புல்தரையில் விழுந்து, சுருள் கழன்று, அது மழையில் தானாக விரிந்துகொண்டு போனது.