ஹாப்பன் அகழியின் எந்தப் பக்கம்

எங்கள் ஊர் ஓவர் வென்ட்லோ. பக்கத்து ஊர் நெதர் வென்ட்லோ. இரண்டுக்கும் நடுவில் ஒரு மண்கரை ஓடுகிறது. சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் தொடங்கி, ஆட்டுப் பட்டிகளைத் தாண்டி, ஆற்றோரச் சதுப்பில் போய் முடியும். நல்ல உயரம். நெதர் பக்கத்தில் கரையை ஒட்டியே ஒரு பள்ளம். இரண்டையும் சேர்த்து ஹாப்பன் அகழி என்போம். ஹாப்பன் யார் என்று யாருக்கும் தெரியாது. ரோமானியர்கள் போன பிறகு யாரோ யாருக்கோ பயந்து வெட்டியது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எங்களுக்கு அது பனிக்காலத்தில் சறுக்கி விளையாடும் இடம், கோடை முடிவில் பிளாக்பெர்ரி பறிக்கும் இடம், அவ்வளவுதான்.

லயனல் ஸ்டாக்வெல் வந்த பிறகுதான் அது மானப் பிரச்சினை ஆனது.

லயனல் லண்டனில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். மனைவி ரோஸ்மண்டோடு வந்து, தோட்டம் கரையில் போய் முடிகிற பழைய கல்வீட்டை வாங்கினார். முதல் வருடம் அஸ்பாரகஸ் என்ற தண்டுக்காய்க்குப் பாத்தி போட்டார். இரண்டாம் வருடம் ஹாப்பன் அகழி நண்பர்கள் சங்கம் தொடங்கி அதன் தலைவரானார். போட்டி இல்லை. வேறு நண்பர்கள் அகழிக்கு இருந்ததாகவும் நினைவில்லை. ஊர் மண்டபத்துச் சாவி என்னிடம் இருப்பதால் அவருடைய சொற்பொழிவுகள் எல்லாவற்றையும் நான் கேட்டாக வேண்டியிருந்தது.

அவருடைய வாதம் எளிமையானது. பயப்படுகிறவன் கரைக்குப் பின்னால் நிற்பான். பள்ளம் எதிரி வரும் பக்கம் இருக்கும். பள்ளம் நெதர் பக்கம் இருக்கிறது. ஆகவே வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். வயல், கோயில், சட்டம், ஒழுங்கு என்று வாழ்ந்தவர்கள். யாரைத் தடுக்க வெட்டினார்கள் என்று கேட்டுவிட்டு அவர் சன்னல் வழியாக நெதர் வென்ட்லோ இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பதில் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதே இல்லை.

எங்கள் ஊரில் கல்வீடுகள், ரொட்டியை எடை பார்த்து விற்கும் ஒரு கடை, பூட்டியே கிடக்கும் தேவாலயம். நெதரில் கவுன்சில் கட்டிய வீடுகள், வாரம் ஒரு முறை வரும் மீன் வறுவல் வண்டி, பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருக்கும் ஒரே மதுக்கடை. ஆகவே லயனலின் வரலாறு எங்களில் பலருக்கு மிக வசதியாக இருந்தது. அதுவரை நெதர்காரர்களைப் பிடிக்காததற்கு நாங்கள் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக் காரணம் கிடைத்துவிட்டது. நாயை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து கரைமேல் ஏறி வருகிறவர்களிடம், இது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று லயனல் பணிவாக எடுத்துச் சொல்வார். எங்கள் ஊர் நாய்கள் அதே இடத்தில் காலைத் தூக்கினால் அது மரபு.

அவர் வீட்டிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ரோஸ்மண்ட் ஈட்டி எறிவதில் கெட்டிக்காரி. சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சின்ன ஈட்டி எறிகிற ஆட்டம்தான். கல்லூரி நாளில் பழகியது. நெதர் மதுக்கடையின் அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் கரையின் இடைவெளி வழியாக நடந்து போய்விட்டு, கன்னம் சிவக்கத் திரும்பி வருவாள். கேட்பவர்களிடம் லயனல், அவள் அங்குள்ள மக்களின் பழக்கவழக்கங்களை ஆராய்கிறாள் என்று சொல்லிவைத்தார்.

அந்த அணியின் தலைவர் கென் பிக்னெல். எங்கள் ஊருக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் தொட்டிதான். அந்தத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் லாரி கென்னுடையது. ஆள் பருமன், வாயும் கொஞ்சம் பெரிது. எங்களைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர் தான்தான் என்று மதுக்கடையில் சொல்லிச் சிரிப்பாராம்.

ஒரு கோடையில் லயனல் ஒரு திருவிழா நடத்தினார். அதன் உச்சம், அகழிப் போர். கரைமேல் எங்கள் ஊர்க்காரர்கள் கேடயமும் ஈட்டியுமாகக் காவல் நிற்பார்கள். நெதர்காரர்கள் காட்டுமிராண்டிகளாகப் பள்ளத்திலிருந்து கூச்சலிட்டு ஏறி வந்து, பாதி வழியில் செத்து விழ வேண்டும். இதைக் கென்னிடம் கேட்கப் போனபோது நானும் உடனிருந்தேன். யார் யார் எங்கே சாக வேண்டும் என்பதை லயனல் விவரமாகச் சொன்னார்.

கென் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செத்ததுக்கப்புறம் எங்களுக்குச் சாப்பாடு உண்டா சார்?" என்றார்.

பின்பக்கம் கூடாரத்தில் பன்றி வறுவலும் சைடர் என்ற ஆப்பிள் மதுவும் இருக்கும், ஆனால் அது வெற்றி விருந்து, போர் முடிந்த பிறகுதான் என்று லயனல் தெளிவுபடுத்தினார்.

விழா நாளன்று மழை. எங்கள் ஆட்கள் கரைமேல் வரிசையாக நின்றார்கள். பல் மருத்துவர், ஓய்வு பெற்ற நீதிபதி, தேனீ வளர்க்கும் சகோதரிகள், எல்லோரும் சாக்குத்துணியில். லயனல் தலையில் தகரக் கவசம். மழை அதன்மேல் விழுந்து சத்தம் போட்டது. எதிரே புல்வெளி காலியாகக் கிடந்தது. அவர் கொம்பை ஊதினார். யாரும் வரவில்லை. மறுபடி ஊதினார். பல் மருத்துவர் தும்மினார். எதிரிகள் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று லயனல் சொன்னபோது அவர் குரலில் உண்மையிலேயே கொஞ்சம் பெருமை இருந்தது.

பன்றி வறுவல் வாசனையோடு பின்னாலிருந்து சிரிப்பும் வந்தது. திரும்பிப் பார்த்தோம். காட்டுமிராண்டிகள் எல்லோரும் கூடாரத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். ரோஸ்மண்ட் அவர்களுக்கு ஆப்பிள் சாஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரையில் சாலை போகிற இடைவெளி வழியாகப் பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

லயனல் கவசத்தோடு இறங்கி ஓடினார். இது வரலாற்றுப்படி தவறு என்றார்.

"மழை பெய்யுதே சார்," என்றார் கென், வாய் நிறைய ரொட்டியோடு. "வழி இருக்கும்போது எவன் சுவர் ஏறுவான்? அந்தக் காலத்து ஆளுங்க மட்டும் என்ன, எங்களைவிட முட்டாளா?"

அந்தச் சிரிப்பு லயனலை விட்டுப் போகவே இல்லை. கடையில் ரொட்டி வாங்கும்போதும் அது தன் பின்னால் நிற்பதாக நினைத்தார். ஊர் தன்னை மதிக்க வேண்டுமானால் விஞ்ஞானம் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதி எழுதி அவர்களை அசைத்துவிட்டார். இலையுதிர்காலத்தில் டாக்டர் இமோஜன் ஃபேர்லி என்ற தொல்லியலாளர் மாணவர்களோடு வந்தார். அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. கரையைக் குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் நீட்ட வேண்டும் என்றார். இந்தப் பக்கம் நீட்டினால் லயனலின் அஸ்பாரகஸ் பாத்தி. அவர் தயங்கவில்லை. வரலாற்றுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று எங்களை எல்லாம் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பாத்தியைத் தானம் செய்தார்.

முடிவைச் சொல்ல மண்டபத்தில் கூட்டம் போட்டோம். இரண்டு ஊரும் வந்திருந்தது. லயனல் முன்வரிசையில் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்தார். டாக்டர் ஃபேர்லி திரையில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதற்குள் ஆப்பு அடித்ததுபோல் கறுப்பு மண் ஆழமாக இறங்கியிருந்தது. அதுதான் உண்மையான அகழி, பிற்காலத்தில் உழுது உழுது தூர்ந்துபோனது என்றார். இருந்த இடம் அஸ்பாரகஸ் பாத்திக்கு நேர் கீழே. நெதர் பக்கம் இப்போது கண்ணுக்குத் தெரிகிற பள்ளம், வயலுக்குச் சுண்ணாம்பு எடுக்க முந்நூறு வருடத்துக்கு முன்பு யாரோ விவசாயிகள் தோண்டியது.

கணக்கு மெதுவாகத்தான் எல்லோருக்கும் ஏறியது. லயனலே எழுந்து கேட்டார், அப்படியானால் கரையைக் கட்டியவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று.

"நெதர் பக்கம்," என்றார் டாக்டர்.

"அப்போ யாரைத் தடுக்க?"

டாக்டர் பாவம், நல்ல பெண். தண்ணீர்க் குவளையை எடுத்தார். கென்தான் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "உக்காருங்க சார். எங்க முன்னோர் உங்களைப் பார்த்துப் பயந்ததுக்கு நாங்க மன்னிப்புக் கேட்டுக்கிறோம்."

இன்னொன்றும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். வெட்டிய இடத்தில் ஓர் அம்புமுனைகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஆட்டு எலும்பும் ஒரு சீப்பும். இங்கே சண்டை நடந்ததாக எந்த அடையாளமும் இல்லை. மாடு திருட்டைத் தடுக்கவோ, வெறுமனே எல்லை காட்டவோகூட வெட்டியிருக்கலாம். இதை இரண்டு ஊரும் ஒருமித்து வெறுத்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டு ஊரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம், அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. லயனல் மூலையில் முடங்கிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த சொற்பொழிவுக்கு மண்டபம் கேட்டு வந்து நின்றார். தலைப்பு, 'அஞ்சப்பட்ட இனம்'. இவ்வளவு மண்ணை ஒரு சாதாரண ஆளுக்குப் பயந்து யாராவது வெட்டுவார்களா என்று கேட்டார். நம் முன்னோர்கள் குதிரை வீரர்கள், சிங்கங்கள் என்றார். கூட்டம் முன்பைவிட அதிகம். பல் மருத்துவர் தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

நெதரில் அதைவிட மோசம். தங்களைப் பார்த்து நாங்கள் மூக்கைச் சுளித்த காலத்தில் சிரித்துக்கொண்டே இருந்த மனிதர்கள், தங்களுக்கு முன்னோர் உண்டு என்று தெரிந்த மறுவாரமே மாறிப்போனார்கள். கென் 'ஹாப்பன் வாரிசுகள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். லாரியின் கதவில் ஒரு கேடயம் வரைந்துகொண்டார். கழிவு உறிஞ்சும் குழாய் அதன் மேலேயே தொங்கியது. எங்கள் நாய்களை அவர்கள் துரத்தினார்கள். கரைக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான் இனி அணியில் ஆடலாம் என்று மதுக்கடையில் தீர்மானம் போட்டார்கள்.

ரோஸ்மண்ட் அன்று மாலை வழக்கம்போல் போயிருக்கிறாள். கென் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க அந்தப் பக்கம் இல்லையா," என்றாராம்.

"போன வருஷம் கோப்பை ஜெயிச்சுக் குடுத்தப்போ நான் எந்தப் பக்கம் கென்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அப்போது பள்ளம் இடம் மாறியிருக்கவில்லை என்றாராம். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது லயனல் ஆறுதல் சொல்லவில்லை. அவருக்குச் சந்தோஷம். எல்லையை மதிக்கத் தெரிந்தவர்கள், எதிரியானாலும் மரியாதைக்குரியவர்கள் என்றார்.

குளிர்காலத்தில் வேறொரு செய்தி வந்தது. இரண்டு ஊருக்கும் கிழக்கே, பழைய விமானத்தளம் இருந்த வெளியில், புதுக் குடியிருப்பு வரப்போகிறது. வரிசை வரிசையாக வீடுகள். லண்டனில் வாடகை கட்ட முடியாதவர்கள், மருத்துவமனைத் தாதிகள், எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள். அந்த வாரமே கென்னும் லயனலும் கரைமேல் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு ஒன்றும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்பதில் மட்டும்தான் சண்டை.

இரண்டு சங்கமும் சேர்ந்து மண்டபத்தில் கூட்டம் போட்டன. குடியிருப்பை எதிர்ப்பது, முடியாவிட்டால், அதற்கும் நமக்கும் நடுவில் இயற்கையை ஒட்டிய ஒரு மண்மேடு கேட்பது. இயற்கையை ஒட்டியது என்றால் எவ்வளவு உயரம் என்று நீதிபதி கேட்டார். எட்டிப் பார்க்க முடியாத உயரம் என்றார் கென். கைதட்டினார்கள்.

ரோஸ்மண்ட் எழுந்தாள். "அதுக்குப் பள்ளம் எந்தப் பக்கம் வெட்டப் போறீங்க லயனல்?" என்று கேட்டாள்.

விளையாடாதே, உட்கார் என்றார் அவர். அவள் உட்காரவில்லை. மேலங்கியை எடுத்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

எதிர்ப்பு எடுபடவில்லை. வீடுகள் எழும்பின. மண்மேடு கேட்ட மனுவுக்குப் பதிலாக இலந்தை போன்ற முள்செடிகளை வேலியாக ஒரு வரிசை நட்டுக் கொடுத்தார்கள். ஆடு அதைத் தின்றுவிட்டது. முதல் வரிசையின் கடைசி வீட்டை ரோஸ்மண்ட் வாடகைக்கு எடுத்தாள். சண்டை போட்டுப் போனதாக யாரும் பார்க்கவில்லை. ஒரு காலை இரண்டு பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். எங்கே போகிறாய் என்று லயனல் கேட்டதற்கு, "வெளியே," என்றாள்.

அவர் கொஞ்ச நாள், மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நாங்களும் தங்கையின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டிருந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ரோஸ்மண்டின் புது வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார். பக்கத்து வீட்டில் கேரளத்திலிருந்து வந்த ஒரு தாதி இருக்கிறாள். அவளும் குழந்தைகளும் சில நாள் அதே மேசையில் உட்கார்வார்களாம். என்ன பேசிக்கொள்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். லயனல் கொஞ்சம் யோசித்தார். உருளைக்கிழங்கு நன்றாக வெந்திருந்தது என்றும், அந்த வீட்டுச் சமையலறை நல்ல சூடு என்றும் சொன்னார்.