வலிக்காத கிழிசல்

காலை பத்தரை மணிக்குத் தன் இடது கை தன்னை விட்டுப் போய்விட்டது என்று தேசப்பன் பிறகு சொன்னார்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் அவர் கிரேன் ஓட்டுநர். தரைக்கு ஐம்பது அடி மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பதினெட்டு வருடமாகக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர். அன்று உலையின் வெக்கையில் காற்று நெளிந்தது. கீழே ஆட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தார்கள். அப்போது முதுகுக்குள் யாரோ பழைய வேட்டியை மெல்லக் கிழித்தார்கள். வலிக்கவில்லை. சற்று நேரத்தில், லீவர் மேலிருந்த இடது கை வேறு யாருடையதோபோலத் தெரிந்தது. நல்ல கையாக இருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பயம் என்பதே வரவில்லை. வலது கையால் சுமையைத் தரையில் இறக்கி, கிரேனை நிறுத்திய பிறகுதான் சாய்ந்தார்.

உடன் வேலை செய்யும் அன்புராஜ் ஏறிப்போய் அவரைக் கயிறு கட்டி இறக்கினார். ஆம்புலன்ஸில் கண்ணாடி வழியே லாரிகள் சத்தமில்லாமல் மிதந்து போயின. கூரை விளக்கு கடலில் மிதக்கும் ஜெல்லிமீன்போலச் சுருங்கி விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே புதுவாயல் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் ஹெலன் இருந்தார். தேசப்பனுக்கு வாய் கோணியிருந்தது. இடது கையும் காலும் விழுந்திருந்தன. பக்கவாதம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை மிஞ்சும். சென்னையிலிருந்து நரம்பு மருத்துவர் போனிலேயே போடச் சொல்லிவிட்டார். மனைவி நவநீதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நர்ஸ் ஆரோக்கியமேரி மருந்தை எடுத்து வைத்தார்.

ஹெலனை ஒரே ஒரு எண் உறுத்தியது. ரத்த அழுத்தம் தொண்ணூற்றாறு. ஆறு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பக்கவாதம் வந்தால் அது ஏறியல்லவா இருக்க வேண்டும்?

விழுந்த கையில் பட்டை கட்டக் கூடாதென்று வலது கையில்தான் அளந்திருந்தார்கள். ஹெலன் அந்த வலது கையைப் பிடித்தார். நன்றாக அசையும் கை, ஆனால் சில்லென்றிருந்தது. நாடி நூலாக ஓடியது. செயலிழந்த இடது கையில் அதே நாடி திமிறியது. அதில் அளக்கச் சொன்னார். நூற்றெழுபத்தெட்டு.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தால், ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து வழி பிடிக்கும். வலது கைக்கும், உடம்பின் இடப்பாதியை இயக்கும் மூளையின் வலப்பக்கத்துக்கும் போகிற கிளையை அது நெரித்திருந்தால், பார்ப்பதற்குப் பக்கவாதம்போலவே இருக்கும். அதற்கு அந்த ஊசியைப் போட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி ஆள் போய்விடுவார். ஆனால் அப்படிக் கிழிந்தவர்கள் பெரும்பாலும் நெஞ்சு பிளப்பதாக அலறிக்கொண்டுதான் வருவார்கள். இவரோ மேலே விசிறியைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹெலன் குனிந்து, "அண்ணா, இது ஆரம்பிச்சப்போ நெஞ்சுல, முதுகுல எங்கயாவது வலிச்சுதா?" என்று கேட்டார்.

"வலிக்கல மேடம்," என்றார் தேசப்பன் குழறலாக. "முதுவுல துணி கீஞ்ச மாரி இருந்துச்சு. அவ்ளோதான்."

ஊசியை நிறுத்திவிட்டு, ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான சாயத்தைச் செலுத்தி நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார் ஹெலன். வெளியே வந்து நவநீதத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ இன்னாத்துக்கு எங்கிட்ட கையெழுத்து வாங்குனீங்க?" என்றார் நவநீதம். "நேரமாவுது நேரமாவுதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. இப்போ நேரம் போனா பரவால்லையா?"

"நான் நினைக்கிறது தப்பா இருந்தா, உங்க வீட்டுக்காரருக்குக் கை கால் திரும்ப வராமப் போகலாம்மா. சரியா இருந்து ஊசி போட்டுட்டா உயிரே போயிடும்."

நாற்பது நிமிடம் இருவரும் ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே நெடுஞ்சாலை வெயிலில் வெள்ளையாக உருகிக் கிடந்தது.

படம் திரையில் எழுந்தது. பெருந்தமனிக்குள் மெல்லிய திரைபோல ஒரு கோடு, இதயத்தின் வாசலிலிருந்து வலப்பக்கக் கிளைக்குள் வளைந்து போயிருந்தது. ஆரோக்கியமேரி ஊசி மருந்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே தேசப்பனைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஹெலனும் கூடவே போனார். வழி முழுக்க இடது கை நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. தேசப்பன் பிழைத்தார். கால் தேறியது. இடது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. இனி கிரேனில் ஏற முடியாது. ஆலையில் கிடங்கு வேலை கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் புதுவாயலுக்கு வந்தவர், கூண்டில் கண்டதையெல்லாம் ஹெலனிடம் சொன்னார். அவ்வளவு அமைதியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். ஹெலனுக்கு உடம்பு சிலிர்த்தது.

நவநீதம் இடைமறித்தார். "இதையே ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியுது மேடம். எங்களுக்குத்தான் தூக்கமே இல்ல. நீங்களே சொல்லுங்க, இனிமே இன்னா ஒண்ணுன்னாலும் ஒடனே சொல்லணும்னு."

ஹெலன் சொன்னார். தேசப்பன் தலையாட்டினார்.