பதினாறு பிளவு

பத்தமடையில் அகமது மீரான் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பதினாறு பிளவு வீடு என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ஒரு கோரைத் தண்டைப் பதினாறு இழையாகப் பிளந்து பாய் நெய்கிற வீடு அது ஒன்றுதான். கத்தி தீட்டுவது குடும்பத் தலைவரின் பொறுப்பு. கத்தியைப் படுக்கப்போட்டு, அதன் முதுகு கல்லில் படத்தான் தீட்ட வேண்டும் என்பது வாப்பா விதித்த முறை. தகப்பனாரின் அந்தச் சொல்லை மீரான் ஒருநாளும் மீறியதில்லை.

1909-ஆம் வருஷம் மாசியில் வாப்பா காலத்துக் கத்தி முறிந்தது. டவுணிலிருந்து புதுக்கத்தி வந்தது. அதே வாரம் பாளையங்கோட்டை வாத்தியார் சத்தியநேசன், மகள் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பதினாறு பிளவுப் பாய் வேண்டுமென்று ஆளனுப்பினார். ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை கல்யாணம். மீரான் வாக்குக் கொடுத்துவிட்டார்.

புதுக்கத்தி கை மயிரைச் சிரைத்தது. ஆனால் பத்துக் கோரைக்குமேல் தாங்கவில்லை; விளிம்பு மடங்கி, இழை பிசிர் பிசிராக வந்தது. திரும்பத் தீட்டினால் மறுபடியும் பத்து. மூன்று நாளில் எட்டுப் பிளவைத் தாண்ட முடியவில்லை.

கோரை பிளப்பவள் தங்கை ஜனாபா. அண்ணனைக் காக்கா என்பாள்.

“எட்டுப் பிளவுதான் முடியும்னு வாத்தியாருக்குச் சொல்லிவிட்டுருவோமா, காக்கா?”

“சொல்லிட்டு இந்தத் தெருவுல எப்படி நடக்க? இரும்பு மட்டம்ளா.”

“இரும்பு நல்லாத்தான் இருக்கு. தீட்டுததுதான்...”

“ஏளா! வாப்பா முறையைக் குத்தம் சொல்லுதியா?”

“வாப்பாவை யாரு சொன்னா? இங்கன பாருங்க.”

முறிந்த கத்தியையும் புதியதையும் கல்லில் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தாள். பழையதன் முதுகு சுண்டுவிரல் கனம்; படுத்தாலும் விளிம்புக்குத் தானாக ஒரு சரிவு கிடைத்திருந்தது. புதியதன் முதுகோ ஓலைக் கனம். அதைப் படுக்கப்போட்டுத் தீட்டியதில் விளிம்பும் ஓலையாகிவிட்டது. கூர்மை இருந்தது, கூர்மையைத் தாங்கப் பின்னால் சதை இல்லை.

“அதுக்காக முதுகைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுதியோ? இந்தக் கை அதைச் செய்யாது.”

“தூக்க வேண்டாம்.” முதுகின் இரு பக்கமும் இரண்டு கோரையை ஒட்டி வைத்து, நூலால் இறுகச் சுற்றினாள். “இப்பப் படுக்கப் போடுங்க. முதுகு படுதா?”

“படுது. ஆனா இது பித்தலாட்டம்லா?”

“மெத்தை போட்டுப் படுத்தாலும் படுக்கைதான், காக்கா.”

மீரான் சிரிக்கவில்லை. பைய ஒரு பக்கமும் மறுபக்கமுமாகத் தீட்டி, முன்கையில் வைத்துப் பார்த்தார். பாதி மயிரைத்தான் சிரைத்தது. “பாத்தியா, மழுங்கல்.”

“மயிரையா நெய்யப் போறோம்? கோரையில வையுங்க.”

வைத்தார். கோரை பிசிரில்லாமல் பதினாறாகப் பிரிந்தது. பத்து ஆனது, முப்பது ஆனது. நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது எண்பதாவது கோரை பிளந்துகொண்டிருந்தது. விளிம்பு மடங்கவில்லை.

மீரான் தறிக்கயிற்றை இழுத்துக் கட்டினார். “பாளையங்கோட்டைக்கு ஆளனுப்பு. பொண்ணு மாப்பிள்ளை பேரைப் பெரிய எழுத்துல எழுதி வாங்கியாரச் சொல்லு. ஒரு புள்ளி பிசகினாலும் பேரு நம்ம வீட்டுக்குத்தான் கெடும்.”