மேஸ்திரி சொன்ன ஒரே சொல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேஸ்திரி பெரிய கைராசிக்காரர். மெஷின் மக்கர் பண்ணினால் "தள்ளு" என்பார். அவருடைய உதவியாள், அவர் வாயால் எல்லோருக்கும் 'தங்கச்சி' ஆகிவிட்டவள், இரண்டடி தள்ளி நிற்பாள். இரண்டே நிமிடத்தில் டிரம் சுற்றும். எட்டு வருஷமாக இதே கதைதான். இதற்குப் பெயர் வேலை கற்றுக்கொடுப்பது என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

மனைவியின் கண் ஆபரேஷனுக்காக ஒருநாள் லீவு போட்டு, போனையும் அணைத்து வைத்தார். அன்றைக்கென்று பெரிய மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது. தங்கச்சி பதினேழு தடவை அவருக்குப் போன் செய்தாளே தவிர, மெஷினைத் தொடவில்லை. துவைத்த விரிப்பு இல்லாமல் நான்கு ஆபரேஷன்கள் மறுநாளைக்குப் போயின.

மறுநாள் மேனேஜர் கேட்டபோது மேஸ்திரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. எல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று, அவளுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று சொல்லி, அவள் மெஷினுக்கு லாயக்கில்லை என்ற தாளில் கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை முதல் அவள் துணி மடிக்கும் பிரிவுக்குப் போக வேண்டும், குறைந்த சம்பளத்துக்கு.

கூடத்துக்கு வந்து, அடைத்திருந்த வடிகட்டியைக் கழற்றி அவள் முன்னால் நீட்டினார். இதுகூடவா தெரியாது என்று கடிந்துகொண்டார். அவள் அழவில்லை.

"ஒவ்வொரு தடவையும் தள்ளுன்னுதானேண்ணே சொன்னீங்க. நான் உங்க முதுகைத்தான் பாத்திருக்கேன்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேனேஜரிடம் போனார்.

"தப்பு எம்மேலதான் சார். அந்தத் தாளைக் குடுத்துடுங்க."

மேனேஜர் லேசில் மசியவில்லை. அடுத்த தடவை மெஷின் நிற்கும்போது அவளே சரிசெய்யட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே, வெள்ளிக்கிழமை மெஷின் நின்றது. மேனேஜர் வாசலில் வந்து நின்றார். மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், விரல்கள் துறுதுறுத்தன. உனக்கு என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்டார். தண்ணீர் வடியவில்லை என்றாள் தங்கச்சி. தப்பான மூடியைத் திறந்தாள். மேஸ்திரிக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்றார். அவள் யோசித்துக் கீழே குனிந்து வேறொரு மூடியைத் திருகினாள். தன்னை அறியாமல் அவரும் குனிந்தார்.

"தள்ளுங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது."

இரண்டடி தள்ளி நின்றார். எட்டு வருஷம் அவள் நின்ற அதே இடம். அவள் வடிகட்டியைக் கழற்றி, அடைப்பை எடுத்து மாட்டினாள். டிரம் சுற்றத் தொடங்கியது, மேனேஜர் தாளைக் கிழித்தார். மேஸ்திரி மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் வடிகட்டி தெரியவே இல்லை.